பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள பெரியம்மாக்களே, சித்திகளே, அத்தைகளே, மாமாக்களே, மதினிமாரே, எங்கள் தெரு ஆச்சிமாரே, அலுவலகத் தோழிகளே,

நாற்பது நாள் கழிந்துவிட்டது. இனி ஒவ்வொருவராக வருவீர்கள். வரத்தான் வேண்டும், பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆள் வராமல் போனால்தான் மனக்குறை. போன வாரமே சிலர் வந்து போய்விட்டீர்கள். வந்தவர்களையும் வரப்போகிறவர்களையும் சேர்த்து நினைத்துத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் ‘மூணு பெத்ததும் வாய் நீண்டுட்டு’ என்பீர்கள். எழுதினால் ‘படிச்ச திமிரு’ என்பீர்கள். இரண்டில் எனக்குப் பின்னது பரவாயில்லை.

தொட்டிலில் கிடப்பவளுக்கு இப்போது இரண்டரை மாதம். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், துணியை நனைக்கிறாள். நீங்கள் அவளைக் கருப்பு என்றாலும் சிவப்பு என்றாலும், மூக்கு அவள் அப்பாவைக் கொண்டது, அதுதான் சப்பை என்றாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. என் கவலை, நீங்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவரைப் பற்றியது. ஒருத்திக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. இன்னொருவனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. காலிங் பெல் அடித்ததும் நீங்கள் யாரென்று தெரிவதற்கு முன்பே ஓடி வருவது அவர்கள்தான். நீங்கள் அவன் தலையைத் தடவுகிறீர்கள், தடவிய கையாலேயே அவனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, “பாப்பா எங்கட்டி?” என்று உள்ளே வருகிறீர்கள்.

அதுவரைக்கும் குற்றமில்லை. வந்தது பாப்பாவைப் பார்க்கத்தானே. அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

“இனிமே ஒன்ன ஆருல கொஞ்சுவா? அதான் பாப்பா வந்துட்டால்லா!”

இது ஒன்று. “அம்மா இனி பாப்பாவுக்குத்தான், நீ ஆச்சிகிட்டப் படுத்துக்கோ” என்பது இரண்டாவது. “ஒன்னயத் தவிட்டுக்குத்தான வாங்குனோம்” என்பது மூன்றாவது. இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் பக்கத்தில் உண்டா தெரியவில்லை. ஒரு காலத்தில் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பிறந்த பிள்ளை தங்காத வீடுகளில், அடுத்துப் பிறந்ததை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். குப்பை, பிச்சை என்று பேரும் வைப்பார்கள். இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை, இதை விட்டுவிடு என்று எமனிடம் போடும் வேஷம் அது. உயிரைக் காப்பாற்றச் செய்த சடங்கின் மிச்சத்தை எடுத்து, நாம் நாலு வயதுப் பிள்ளையை அழவைத்து வேடிக்கை பார்க்கிறோம்.

நாலாவது கேலிதான் எங்கள் வீட்டில் கதையாகிப் போனது. அத்தை முறை ஆகும் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனசுக்காரர். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “ஏல, பாப்பாவ நான் எங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போயிரட்டா?” என்று மகனிடம் கேட்டார். அவன் யோசித்தான். “சரி” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கேள்விக்குப் பிள்ளை ‘கூடாது’ என்று அழுதாலும் சிரிப்பு, ‘கொண்டு போங்க’ என்று சொன்னாலும் சிரிப்பு; எப்படியும் பெரியவர்களுக்கு ஆதாயம்தான். காப்பி குடித்தார்கள், பேசினார்கள், கிளம்பினார்கள். வள்ளியூர் போய்ச் சேர்ந்த பிறகு அத்தை போன் செய்தார். அவர் பைக்குள் பாப்பாவின் பவுடர் டப்பாவும், ஒரு குல்லாவும், தடுப்பூசி அட்டையும் இருந்தனவாம். அட்டை இல்லாமல் போனால் நர்ஸ் அக்கா திட்டுவார் என்பது அவனுக்குத் தெரியும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு நாங்கள் அட்டையை மறந்துவிட்டுப் போய், அவர் திருப்பி அனுப்பியதை அருகில் நின்று பார்த்தவன் அவன்.

அத்தை போனில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் விளையாடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய மனுஷி ஒருத்தி கேட்டாள், அவன் ஒப்புக்கொண்டான், பிள்ளையை அனுப்புவதற்கு என்னென்ன வேண்டுமோ எடுத்து வைத்தான். அன்று ராத்திரி படுக்கையில் கேட்டான்: “அத்த ஏன் பாப்பாவ விட்டுட்டுப் போயிட்டா?” நான் என்ன சொல்ல? சும்மா சொன்னார்கள் என்றேன். “அப்ப என்னயும் யாராவது கேட்டா சும்மாதான?” என்றான். அவனுக்குக் கேள்வி அங்கே முடிந்திருந்தது. எனக்குத்தான் தூக்கம் போனது.

நீங்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். நீங்கள் போட்ட சொல்லோடு மீதி இருபத்து மூன்று மணி நேரம் குடித்தனம் நடத்துவது நாங்கள். அந்த இருபத்து மூன்று மணி நேரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் பலர் பிள்ளை பெற்று முப்பது வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் தானாக வளர்ந்த மாதிரிதான் இப்போது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். அப்புறம் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், அதுவே ஒரு முழு ஷிப்ட். ராத்திரி ஷிப்டுக்குப் படியும் கிடையாது. நான் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஏற்கெனவே இரண்டு பிள்ளை உள்ளவளுக்கு 12 வாரம்தான். மூன்றாவது பிள்ளை பாதிப் பசியோடு பிறக்கும் என்று யாரோ டெல்லியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் போல. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்பவேண்டும். பாலைப் பீய்ச்சி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நான் பால் கொடுக்க உட்கார்ந்த மறு நிமிஷம் மகனுக்கு ஆய் வரும். அதுவரை வராது. உட்கார்ந்து, பிள்ளை வாய் வைத்து, எனக்குத் தண்ணீர் தவித்து, செம்பு கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்த அந்த நொடியில் வரும். ஆச்சி கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம், அம்மாதான் வேண்டும். கூட்டிப் போகாவிட்டால் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் தோசை மாவில் ரிமோட்டை முக்கினான். ஒன்றரை வருஷமாக ராத்திரி படுக்கையை நனைக்காதவன் மறுபடி நனைக்கிறான். தொட்டிலில் தன்னைப் போட்டு ஆட்டச் சொல்கிறான். டம்ளரில் குடித்த பாலைப் புட்டியில் கேட்கிறான்.

இதைப் பார்த்து உங்களில் ஒருவர், “செல்லம் கூடிப்போச்சு, ரெண்டு போட்டா சரியாயிரும்” என்றீர்கள். சரியாகாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகும் 40 குடும்பங்களை வீடு தேடிப் போய், பிறப்பதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பார்த்து எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. அம்மா குழந்தையோடு இருக்கும் நேரம் பார்த்துத்தான் மூத்ததின் சேட்டை கூடுகிறது என்று அதில் இருக்கிறது. தோசை மாவுக்கும் ரிமோட்டுக்கும் கேம்பிரிட்ஜிலும் ஏதோ ஒரு மாற்று இருந்திருக்கும். ஆனால் நான் அதில் பிடித்துக்கொண்டது வேறு ஒரு விஷயத்தை. பிறந்த குழந்தையை ஒரு மனுஷியாக, பசியும் விருப்பமும் உள்ள ஒரு ஆளாக வைத்து மூத்த பிள்ளையிடம் ஆரம்பத்திலிருந்தே பேசிய அம்மாக்களின் வீட்டில், ஒரு வருஷம் கழித்தும் மூத்தது இளையதிடம் அன்பாக இருந்ததாம்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம். பாப்பா அழுதால் ஏன் அழுகிறாள் என்று மகனைத்தான் கேட்கிறோம். “பசியா இருக்குமோ? தூக்கமா? நீ சொல்லு.” அவன் போய்த் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வான். “துணி நனஞ்சிட்டு.” பெரும்பாலும் தப்பு. சில சமயம், “அவளுக்கு என்னயப் பாக்கணுமாம்” என்பான். இது மட்டும் தப்பே இல்லை. ஆறாவது வாரத்தில் ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், எங்கள் எல்லோருக்கும் கஞ்சத்தனமாகக் கொடுக்கிற சிரிப்பை அவனுக்கு மட்டும் வாரி வழங்குகிறாள். அவன் தொப்பென்று தரையில் விழுந்து காட்டுவான், அவள் காலை உதறிக்கொண்டு சிரிப்பாள், அவன் மறுபடி விழுவான். சட்டை முழுக்கத் தரைத் தூசி. வீட்டில் எந்தப் பெரியவருக்கும் இந்த வேலைக்குத் தெம்பு கிடையாது.

இப்படி நாங்கள் ஒவ்வொரு நாளும் கட்டுவதைத்தான் நீங்கள் வந்து ஒரே கேலியில் கலைத்துவிடுகிறீர்கள். அவளும் நீயும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவளா நீயா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

மூத்தவள் விஷயம் வேறு. அவளை யாரும் கேலி செய்வதில்லை. அவளுக்குப் பதவி கொடுத்துவிடுகிறீர்கள். “நீதான் பெரியவ. நீதான பாத்துக்கிடணும். அம்மா வேலைக்குப் போனா ஒனக்குத்தான் பொறுப்பு.” ஏழு வயது! முன்பல் இரண்டும் விழுந்து ‘ச’ சொல்ல வராமல் திண்டாடுகிறாள். தம்பியிடம் யாரும் “பாப்பா துணியை எடுத்துட்டு வா” என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவன் ஆம்பளைப் பிள்ளை, சின்னவன். இவள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாலும் எழுந்து போய் எடுத்து வரவேண்டும். அவளுக்குப் பாப்பாவைத் தூக்கப் பிடிக்கும், பொட்டு வைக்கப் பிடிக்கும், பக்கத்தில் படுத்துக்கொண்டு ஸ்கூல் கதை சொல்லப் பிடிக்கும். பிடித்துச் செய்யட்டும். டியூட்டி போடாதீர்கள்.

என் அம்மாவின் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றார். படிப்பு வராமல் இல்லை. வகுப்பில் கணக்கில் அவர்தான் முதல். கீழே வரிசையாகப் பிறந்த தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்திருக்க ஆள் வேண்டியிருந்தது. வயலுக்குப் போகும் அம்மா கைப்பிள்ளையை யாரிடம் விடுவாள்? நம் வீடுகளில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் இப்படி நின்றவர்கள் என்று ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் விசாரித்துப் பாருங்கள். 1975இல் அங்கன்வாடி வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். சோறு கிடைத்தது என்று மட்டும்தான் நாம் அதைப் பேசுகிறோம். எத்தனை அக்காமாரின் இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டது அது! என் பெரியம்மாவுக்கு இரண்டுமே பிந்தி வந்தன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன். “இதுவும் பொட்டையாப் போச்சே” என்று ஒருவர் உச்சுக் கொட்டினீர்கள். பக்கத்தில் என் மூத்த பொட்டைப் பிள்ளை உங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு என்னிடம், “அந்த ஆச்சிக்கு ஏம்மா வருத்தம்?” என்றாள். பெற்றவர்கள் வேண்டாம் என்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று 1992இல் சேலத்தில் அரசே தொட்டில் கட்ட வேண்டி வந்த மாநிலம் இது. அந்தத் தொட்டிலுக்கும் உங்கள் உச்சுக்கும் நடுவில் ரொம்ப தூரம் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை. இருந்தால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சம்பந்தமான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் சொன்னவைதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். சளி, இருமல் என்றால் அடுத்த வாரம் வாருங்கள். முகத்தில் முத்தம் வேண்டாம், காலில் கொடுங்கள். சேனைத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கிடையாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தேன் ஒரு வயதுவரை தொடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைப்பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கிவிடும். கண்ணுக்குள் மை வேண்டாம்; கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வையுங்கள்.

அப்புறம் தொட்டில். பழைய நூல் சேலைதான் கட்டியிருக்கிறோம். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று மாமியார் சொல்வார்கள். வயிற்றுவலியை நான் நம்பவில்லை, ஆனால் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறமாட்டேன். பெரிய பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் ஏறி விளையாடி, சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கிச் செத்துப்போன செய்தி நம் பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. பாப்பா உள்ளே இல்லாதபோது சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறோம். அதனால் “பாவம், அவனையும் ஒரு ஆட்டு ஆட்டேன்” என்று என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள். அவனுக்கு ஆடவேண்டும் என்றால் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஊஞ்சல் இருக்கும் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் செய்யக்கூடிய ஆகப்பெரிய உபகாரம் உண்மையில் அதுதான்.

அப்படி ஒருவர் செய்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றதாகச் சொன்னேனே, அந்தப் பெரியம்மாதான். உடன்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். வந்ததும் பாப்பாவைக் கேட்கவில்லை. தார்சாவில் உட்கார்ந்து, பையிலிருந்து பனையோலைத் துண்டுகளை எடுத்து, மகனுக்குக் காற்றாடி செய்துகொடுத்தார். முள்ளைச் செருகி, ஓலையை மடக்கி, இரண்டு நிமிஷம். அவன் அதை வைத்துக்கொண்டு தெரு முனைக்கும் வீட்டுக்கும் ஓடினான். மகளை மடிக்கு முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை பின்னிவிட்டு, ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். ஏழெட்டு ஐம்பத்தாறில் அவள் தடுமாறினாள். “எனக்கு இன்னும் மறக்கல பாத்தியா” என்றார். நான் உள்ளே பாப்பாவோடு சேர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினேன். பிள்ளை பிறந்த பிறகு பகலில் அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான்.

பாப்பாவை எப்போது பார்த்தார் என்கிறீர்களா? கிளம்பும்போது. அதுவும் மகன் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டிலை விலக்கிக் காட்டினான். “இதுதான் எங்க பாப்பா. தொடணும்னா கை கழுவணும்.” பெரியம்மா போய்க் கழுவிவிட்டு வந்தார்.

எல்லோருக்கும் காற்றாடி செய்யத் தெரிய வேண்டாம். நீங்கள் கொண்டு வரும் பரிசுப் பெட்டியை என் கையில் தராமல் இவர்கள் கையில் தந்து பிரிக்கச் சொல்லலாம். பாப்பாவுக்கு அட்டைப்பெட்டியும் ஜரிகைத் தாளும் தேவையில்லை, இவர்களுக்கு அதுதான் முக்கால் பங்கு சந்தோஷம். மகளிடம் பாப்பாவைப் பற்றி இல்லாத ஒரு கேள்வி கேட்கலாம். பக்கத்தில் யார் உட்காருகிறாள், பல் எப்போது விழுந்தது, எதுவானாலும். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் மாமாக்கள் இருவரையும் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போகலாம். ஒன்றும் முடியாதவர்கள் அடுப்படியில் கிடக்கும் நாலு பாத்திரத்தைக் கழுவி வைத்தால் நான் தடுக்கமாட்டேன். சம்பிரதாயத்துக்குக்கூட ‘ஐயோ விடுங்க’ என்று சொல்லமாட்டேன்.

ஆப்பிள் வேண்டாம், ஏற்கெனவே பிரிட்ஜில் மூன்று பை இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளைக்கான கவுனும் வேண்டாம். பூண்டு உரித்துக் கொண்டு வந்தால் நல்லது, சுறா கிடைத்தால் இன்னும் நல்லது.

வருவதென்றால் சாயந்தரம் நாலரைக்கு மேல் வாருங்கள். நாலே காலுக்கு ஸ்கூல் வேன் வரும். அதற்கு முன்னால் வந்தால் பாப்பா மட்டும்தான் இருப்பாள், அவளும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் அம்மா,
பாளையங்கோட்டை